புன்னைக்கு நீ கொடுத்த அரச ரத்தம்

மகனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ நலமாக இருக்கிறாய் என்பதைப் பல நாட்களாகத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா எழுதிய ‘நீர்ப்பட்டயம்’ நாவல் வரிசையின் முதல் நூலுக்கு நீ திரைக்கதை எழுதினாய். அது படமாக வந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மீதியுள்ள நான்கு நூல்களையும் அடுத்தடுத்த பாகங்களாக எடுப்பதற்கு அவளுடைய சம்மதம் கேட்டு உன் தயாரிப்பு நிறுவனம் சென்ற செவ்வாய்க்கிழமை கூரியரில் ஒரு கடிதம் அனுப்பியது. அன்று மாலையே நீ என்னை அழைத்தாய். “அப்பா, அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி, நீங்க சாட்சி போட்டு அனுப்பிடுங்க. பத்து நிமிஷ வேலை” என்றாய். அந்தப் பத்து நிமிட வேலைக்கு எனக்கு ஆறு நாட்கள் ஆயின. ஏன் ஆயின என்பதை நேரில் சொல்ல முயன்றால் என் குரல் உயரும், உன் குரல் அதைவிட உயரும். எழுத்தில் நான் நிதானமானவன். ஐம்பது வயதில் என்னைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த சிலவற்றில் அதுவும் ஒன்று.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஓர் அறையில், உரிமம் பெற்ற பத்திர எழுத்தனாக இருபத்தேழு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறையில் எனக்கென்று ஒரு விதி உண்டு. கிரயமோ, அடமானமோ, தானமோ, எதை எழுதினாலும், கையெழுத்திடப் போகிறவருக்கு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நானே வாசித்துக் காட்டுவேன். ‘படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு’ என்று பத்திரத்தின் முடிவில் எல்லா எழுத்தர்களும் எழுதுகிறார்கள். பெரும்பாலோர் படித்துக் காட்டுவதில்லை. நான் படிப்பேன். அவசரம் உள்ளவர் வேறு அறைக்குப் போகலாம், பலர் போயிருக்கிறார்கள். “சார்கிட்ட போனா பூசை முழுசா முடிஞ்சாதான் பிரசாதம்” என்று பக்கத்து அறைக்காரர் என்னைக் கேலி செய்வது உனக்கும் தெரியும். இந்த விதியை நான் இரண்டு முறை மீறியிருக்கிறேன். இரண்டுமே நம் குடும்பத்துக் காகிதங்கள். இந்தக் கடிதம் அந்த இரண்டையும் பற்றியது.

முதலில் நீ அறிந்ததிலிருந்து தொடங்குகிறேன். சிதம்பரத்தில் உன்னைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்த அன்று விடுதிப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். ஆறு பக்கம். நான் வழக்கப்படி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உனக்கும் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினேன். நமக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “சார், இது ஆஸ்டல் பாரம் சார், பத்திரம் இல்ல. பின்னால பஸ்ஸ புடிக்கிறவங்க நிக்கிறாங்க” என்றார். நான் நிறுத்தவில்லை. மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது வரிசையில் யாரோ, “இன்னாப்பா இது, புள்ளய ஆஸ்டல்ல சேக்கறாரா, தத்து குடுக்கறாரா?” என்று கேட்க, வரிசை முழுவதும் சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். நீ என் பக்கத்தில் இல்லை. தூரத்தில், சைக்கிள்கள் நிறுத்தும் கொட்டகையில், எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாய். பேருந்து நிலையத்தில் என்னை வழியனுப்பும்போது, “அப்பா, இனிமே எனக்காக எதையும் படிக்காதீங்க” என்றாய். அதை ஓர் உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு உன் வாழ்க்கையின் எந்தத் தாளையும், நீ பொறியியலை முடித்துவிட்டுச் சினிமாவுக்குப் போகிறேன் என்று சென்னைக்குக் கிளம்பியபோதுகூட, நான் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை.

நீ சென்னைக்குப் போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உன் அம்மா எழுதத் தொடங்கியிருந்தாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பேருந்து. உட்கார இடம் கிடைத்தால் ஆலப்பாக்கம் தாண்டும்போது கைப்பேசியை எடுப்பாள்; சிதம்பரத்தில் இறங்கும்போது அரை அத்தியாயம் இருக்கும். திரும்பும் பேருந்தில் மீதி அரை. வெள்ளிக்கிழமைதோறும் கைப்பேசிச் செயலி ஒன்றில் அது வெளியாகும். இதை அவள் என்னிடம் முதல் மூன்று மாதம் சொல்லவே இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “ஏங்க, கடலு ஏறி எறங்கற ஓதத்துல முழுவிப்போற நெலத்த ஒருத்தரு எழுதிக் குடுக்க முடியுமா?” என்று கேட்டாள். நான்கெல்லை சொல்ல முடியாத நிலத்தைப் பதிவு செய்ய முடியாது என்றேன். “நாலு எல்லையும் தண்ணியாவே இருந்தா?” என்றாள். அப்படியானால் தண்ணீரும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட வேண்டும் என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, சோற்றைப் பிசைந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தாள். தினம் இருமுறை கடலுக்குள் போய்த் திரும்பி வரும் அந்த நாடும், மனிதன் தண்ணீரோடு செய்துகொள்ளும் பட்டயமும் அந்தச் சாப்பாட்டில் பிறந்தவை. ஐந்து நூல்களிலும் வரும் சட்டங்கள் அத்தனையையும் நான் சரிபார்த்தேன். எழுதியது அவள், முரண் வராமல் பார்த்துக்கொண்டது நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு என்பதை மறைக்கவில்லை.

அந்த உலகத்தின் முதல் சட்டம் உனக்கு மனப்பாடம். சொன்ன சொல்லைக் காப்பவருக்குத் தண்ணீர் வழிவிடும். அரசன் சொன்னாலும் சரி, ஓடம் தள்ளுகிறவள் சொன்னாலும் சரி, தண்ணீருக்கு வேற்றுமை தெரியாது. புன்னை ஒரு படகோட்டியின் மகள். கரையில் வந்து நின்று கேட்கிற யாரையும் அக்கரை சேர்ப்பேன் என்று தண்ணீரிடம் சொல் கொடுக்கிறாள். மறுநாள் வந்து நிற்பவன் அவளுடைய அப்பாவைக் கொன்றவன். அவனையும் ஏற்றிக்கொள்கிறாள். நடு ஆற்றில் அவள் அழுதுகொண்டே துடுப்புப் போடும் அந்த இடத்தைப் படித்துவிட்டு எத்தனை பேர் உன் அம்மாவுக்கு எழுதினார்கள்! அதே வாசகர்களில் பலர் ஒவ்வொரு நூலுக்குப் பிறகும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “புன்னை உண்மையில் யாருடைய மகள்? ஏதோ ரகசியம் இருக்கிறது அல்லவா?” உன் அம்மா எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதினாள். “ரகசியம் இல்லை. படகோட்டியின் மகள்.” அவள் யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று நமக்குத் தெரியும். கிள்ளையிலிருந்து வந்து பிச்சாவரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குத் துடுப்புப் போட்ட உன் தாத்தா சூசையின் மகள் அவள். அந்தப் படகில் நீயும் உட்கார்ந்திருக்கிறாய்.

இப்போது முதல் படத்தின் ஒப்பந்தம்; விதியை நான் மீறிய இரண்டு காகிதங்களில் ஒன்று. சென்னையில் குளிரூட்டப்பட்ட ஓர் ஓட்டல் அறை, நீள மேசை, நாற்பத்தோரு பக்கங்கள், எல்லாம் ஆங்கிலம். நிறுவனத்தின் மூன்று பேர் எதிரில். நீ உன் அம்மாவின் பிரதிநிதியாக ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் முன்பே சுருக்கொப்பம் இட்டிருந்தாய். என் கை சட்டைப் பைக்குள் கண்ணாடியைத் தேடிப் போயிற்று. அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். அன்று கல்லூரியில் வரிசையிலிருந்து விலகிப் போவதற்கு முந்தைய கணம் உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பார்த்ததில்லை, சென்னையில் பார்த்தேன். “அப்பா, எல்லாம் நான் பாத்துட்டேன்” என்றாய். கண்ணாடி பைக்குள்ளேயே இருந்துவிட்டது. உன் அம்மா பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாசித்துச் சொல்வேன் என்று காத்திருந்தாள். “போடு” என்றேன். போட்டாள். அவள் கையெழுத்துக்குக் கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்பவன் கையெழுத்து இடப்பட்டதற்குத்தான் சாட்சி; உள்ளே எழுதியிருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஊருக்கெல்லாம் அந்த விதியை ஏற்காத நான், என் மனைவியின் காகிதத்தில் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். உன்னை இன்னொரு முறை கூச்சப்பட வைக்கக் கூடாது என்பதற்காக. இதில் உன் குற்றம் இல்லை. நம்பியது என் முடிவு.

படம் வெளியான அன்று சிதம்பரத்தில் காலைக் காட்சிக்குப் போனோம். நானும் உன் அம்மாவும் உன் சேவியர் மாமனும். பிச்சாவரம் படகுத்துறையில் விடுப்புச் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சேவியர் எங்களுக்கு முன்பே வந்து நின்றான். “வா மச்சான்” என்றேன். “மாமா, எங்கக்கா பேரு மொதல்ல வருமா கடைசில வருமா? சொல்லுங்க, விசிலடிக்க ரெடியா இருக்கணும்” என்றான். முதலிலேயே வந்தது. அடித்தான். அதன் பிறகு அரைமணி நேரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. அலையாத்திக் காட்டை எவ்வளவு அழகாகக் காட்டியிருந்தீர்கள்! ஓதம் ஏறி நாடே மூழ்கும் காட்சியில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு புன்னையின் உள்ளங்கை கிழிந்து ஒரு சொட்டு ரத்தம் தண்ணீரில் விழுந்தது, ஆறு இரண்டாகப் பிளந்தது, கிழவர் ஒருவர் மண்டியிட்டு, “இளவரசி!” என்றார். அரங்கம் எழுந்து கத்தியது. உன் அம்மா கையை எடுத்துக்கொண்டாள். நான் பக்கவாட்டில் பார்த்தேன். படத்தில் ஏதோ புரியாததுபோலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். இடைவேளையில் சேவியர் மூன்று தேநீர்க் கோப்பைகளோடு வந்து, “யக்கா, ஒன்ன அரமனைலேந்தா தூக்கியாந்தாங்க? அப்பன் எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு. ஒனக்கு மட்டும் அரமனை, எனக்கு மட்டும் துடுப்பா?” என்றான். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுவரை அது சிரிக்கக்கூடியதாகவே இருந்தது.

புன்னையை ஏன் இளவரசியாக்கினாய் என்று அன்று மாலை உன்னிடம் தொலைபேசியில் கேட்டேன். நீ பொறுமையாகவே பதில் சொன்னாய். “அப்பா, சொன்ன சொல்லு கேமராவுக்குத் தெரியாது. ரத்தம் தெரியும். புத்தகத்துல நாலு பக்கம் அவ யோசிக்கிறா; படத்துல நாலு செகண்டு. அதோட, படகோட்டி பொண்ணு ஓடம் விட்டான்னா மொத பாகத்தோட முடிஞ்சுது. அரச ரத்தம்னா சிம்மாசனம் இருக்கு, சண்ட இருக்கு, அஞ்சு பாகத்துக்கு இழுக்கலாம்.” இதை நான் அப்போதும் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை, ஆனால் இதில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். உன் தொழிலுக்கென்று விதிகள் இருக்கும். பல பேருடைய பிழைப்பு அதில் இருக்கிறது. நாவல் நாவலாக அலமாரியில் இருக்கிறது, படம் படமாகப் போகட்டும் என்று உன் அம்மாவும் சொன்னாள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

படம் வெளியான நான்காம் நாள் உன் பேட்டி வந்தது. கேட்டவர், “ஒரு நூலக ஊழியருக்கு இவ்வளவு பெரிய கற்பனை எங்கிருந்து வந்தது?” என்றார். அந்தக் கேள்வியிலேயே ஓர் இளக்காரம் இருந்தது. அதற்கு நீ கோபப்பட்டிருக்க வேண்டும். நீ புன்னகைத்தாய். “எங்கம்மாவோட அப்பா வழில அரசவைப் புலவர்கள் இருந்திருக்காங்க. வீட்ல பழைய ஓலைச்சுவடிங்க இருந்துது. அதுலேந்து வந்த கதைதான் இது” என்றாய். எந்த வீட்டில் இருந்தன மகனே? கிள்ளையில் அந்த ஒற்றை அறை வீட்டில் ஒரு மாதா படமும், வலையும், அரிக்கேன் விளக்கும் இருந்தன. உன் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அதை அவரே முயன்று கற்றுக்கொண்டார். புலவர் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் அம்மா பேட்டியை ஒருமுறை பார்த்தாள். இரண்டாம் முறை, அந்த இடம் மட்டும், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கு அவள் பேருந்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குப் பின்னும் இன்றுவரை எழுதவில்லை. எண்ணிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அன்றுதான் ஒப்பந்தத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, நாற்பத்தோரு பக்கங்களையும் படித்தேன். பத்தொன்பதாம் பிரிவு. ஆசிரியரின் குடும்பப் பின்னணியையும் கதை பிறந்த விதத்தையும் விளம்பரத்துக்கு ஏற்ற வகையில் எடுத்துரைக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று தெளிவாக இருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் உன் சுருக்கொப்பம். மற்றப் பக்கங்களில் ஓடிப்போய் இட்டதுபோல் இருக்கிற ஒப்பம், அங்கே நிதானமாக இருந்தது. அந்தப் பிரிவில் ஒரு சொல்லை அடித்து வேறு சொல் எழுதி அதற்கும் ஒப்பம் இட்டிருந்தாய். ஆகவே நீ அதைப் படித்திருக்கிறாய். தெரியாமல் நடந்தது என்று என்னை நானே தேற்றிக்கொள்ள ஒரு வழியை நீ எனக்கு விட்டு வைக்கவில்லை. கதையை மாற்றியபோது நான் வருத்தப்பட்டேன். இந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான், சொந்த மகன் என்னை ஏமாற்றியிருக்கிறான் என்ற வாக்கியத்தை முதன்முதலாக மனதுக்குள் முழுதாகச் சொல்லிப் பார்த்தேன்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபோது சேவியர் ஒரு பை இறாலோடு வாசலில் நின்றிருந்தான். வழக்கமான சத்தம் இல்லை. இரண்டு முறை கேட்ட பிறகு சொன்னான். “ஒண்ணுமில்ல மாமா. தொறையில பசங்க பேட்டிய பாத்துட்டானுங்க. ‘வாங்க புலவரே, ஒரு பாட்டு பாடிக்கினே தள்ளுங்க புலவரே’ன்னு நாலு நாளா ஒரே ரோதன. கிண்டல்தான், பரவால்ல. நானும் ரெண்டு பாட்டு பாடிட்டேன்.” சிரிக்கப் பார்த்தான். பிறகு, “அவன் எங்கப்பன் தூக்கி வளத்த புள்ள மாமா. நீச்ச கத்துக் குடுத்தது அவருதான். அவரு பேர சொல்றதுக்கு அவனுக்கு இன்னா கொறஞ்சுபோச்சு? ஜாஸ்தி வேணாம், படகோட்டின்னு ஒரு வார்த்த” என்றான். உள்ளே போனேன். எனக்கு இருந்த கோபத்தை உன் அம்மாவிடம் கொட்டினேன். இப்படி ஒரு பொய்யை இவன் எங்கே கற்றான், இந்த வீட்டில் யார் இவனுக்கு இதைக் கற்றுக் கொடுத்தது என்று கேட்டேன். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “நம்ம கல்யாணப் பத்திரிகைல எங்கப்பாவுக்கு நீங்க என்னா போட்டீங்க?”

இது உனக்குத் தெரியாது. இதுதான் நான் மீறிய இன்னொரு காகிதம். உரிமம் வாங்கிய முதல் ஆண்டில் எங்கள் திருமணம். பத்திரிகையை நானே எழுதினேன்; அச்சகத்தில் வேறு யாரையும் கைவைக்க விடவில்லை. மணமகளின் தந்தை பெயருக்குக் கீழே ‘படகு உரிமையாளர்’ என்று எழுதினேன். அவருக்குச் சொந்தமாக ஒரு படகு இல்லை. வேறொருவர் படகில் நாள்தோறும் துடுப்புப் போட்டார். புதுச்சேரியிலிருந்து வரப்போகிற என் பெரியப்பா குடும்பத்தை நினைத்து எழுதினேன். சொத்து விவரத்தில் ஓர் அடி தவறினால் பத்திரத்தையே கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிற நான் அதை எழுதினேன். யாருக்கும் வாசித்துக் காட்டவும் இல்லை. அச்சடித்த கட்டைக் கிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் ஒன்றை உருவி, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். “உரிமையாளருன்னு போட்டிருக்கீங்க மாப்ள,” என்றார். “எந்தப் படகு?” நான், “ஒரு மரியாதைக்குத்தான் மாமா” என்றேன். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். நேற்று உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அந்தக் கட்டிலிருந்து அவர் வேறு ஒரு பத்திரிகையையும் எடுக்கவில்லை. கிள்ளை முழுக்க வாய்ச்சொல்லாகவே அழைத்தார். அவர் இறந்த பிறகு பெட்டியில் அந்தக் கட்டு அப்படியே இருந்தது; அவளும் சேவியரும் அதை எடுத்து எனக்குத் தெரியாமல் அடுப்பில் போட்டுவிட்டார்கள். “ஒங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல” என்றாள். இருபத்தேழு ஆண்டுகள் அவள் இதை எனக்காக மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். உன்மேல் நான் சாட்டிய குற்றத்தின் முதல் பிரதி என்னுடைய கையெழுத்தில் இருக்கிறது.

இதை ஒப்புக்கொள்வதால் உன் குற்றம் குறைந்துவிடும் என்று நினைக்காதே. நான் பயந்து எழுதினேன், நீ பயப்படவில்லை. உன்னை எந்தச் சொந்தக்காரரும் கல்யாண வீட்டில் எடைபோடவில்லை. படகோட்டியின் மகள் எழுதிய கதை என்று சொல்லியிருந்தாலும் அரங்கம் நிறைந்திருக்கும். எது விலைபோகும் என்று கணக்கிட்டு, இருந்த தாத்தாவை எடுத்துவிட்டு இல்லாத தாத்தாவை வைத்தாய். ஒன்றை மட்டும் உனக்குச் சொல்வேன், அதையும் அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்: இப்படி ஒரு சொல்லை உயர்த்தி எழுதும்போது, யாரை உயர்த்துகிறோமோ அவருக்குத்தான் அது முதலில் கேட்கிறது. அவர் எதுவும் சொல்ல மாட்டார். ஒரு கட்டுப் பத்திரிகையை யாருக்கும் கொடுக்காமல் வைத்துவிடுவார். நீ அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டே வயதாகிவிடுவாய்.

நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு, புதிய சம்மதக் கடிதத்தின் பதினொரு பக்கங்களையும் உன் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சேவியர் ஐந்தாம் பக்கத்திலேயே நாற்காலியில் தூங்கிவிட்டான். முடித்ததும், மறுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். “எழுதிக் குடுத்துடுங்க. அவன் பொழப்பு அது. அஞ்சு புத்தகத்தையும் எடுத்துக்கட்டும். புன்னைய மகாராணியாக்கி யானை மேல ஏத்தட்டும். எம் பேரு மட்டும் அதுல எங்கயும் வரக்கூடாது.” கோபத்தில் சொல்லாதே என்றேன். “கோவமில்லீங்க. சூ. பிலோமினான்னுதான் எழுதறேன். கல்யாணத்துக்கு அப்பறமும் மாத்தல. அந்த சூ யாரு? எங்கப்பா. அவர எடுத்தாச்சு. அப்பறம் அந்தப் பேரு மட்டும் இன்னாத்துக்கு அங்க தனியா நிக்கணும்?” சேவியர் விழித்துக்கொண்டான். அவன் தன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

நான்கு வரிகள்தாம். எத்தனையோ பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கிறேன். அண்ணன் தம்பிகள் பாகம் விட்டுக் கொடுத்ததை, மகள்கள் தாய்வீட்டு உரிமையை விட்டதை எழுதியிருக்கிறேன். என் மனைவி தன் கதையிலிருந்து தன் பெயரை விட்டுக் கொடுக்கிற அந்த நான்கு வரிகளை எழுத மூன்று தாள்களைக் கிழித்தேன். படித்துக் காட்டினேன். கேட்டாள், சரி என்றாள், கையெழுத்திட்டாள். சேவியரும் நானும் சாட்சி. இந்த முறை உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தாளும் சம்மதக் கடிதமும் இதோடு இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. அடுத்த பாகங்களுக்கு அவள் சம்மதம் உண்டு. ஆனால் எந்தப் பாகத்திலும், எந்த விளம்பரத்திலும் அவள் பெயர் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை அவளுடைய பிரதிநிதி என்ற முறையில் நீ ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். உன் பெயருக்கு மேலே இடம் விட்டிருக்கிறேன். நீ கையெழுத்திட்டால் நான்கு பாகங்களும் தடையில்லாமல் நடக்கும். யாரும் உன்னை எதுவும் கேட்க முடியாது. கையெழுத்திடாவிட்டால் சம்மதம் செல்லாது, படம் நிற்கும், நிறுவனத்தில் உன் இடத்துக்கே ஆபத்து வரலாம். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

பத்திர எழுத்தன் எந்தத் தரப்புக்கும் யோசனை சொல்லக் கூடாது. இந்த ஓரிடத்தில் அதை மீறுகிறேன். கையெழுத்திடாதே. புறப்பட்டு வா. வீட்டுக்கு வருவதற்கு முன் பிச்சாவரம் படகுத்துறைக்குப் போய், சேவியரோடு வேலை செய்கிறவர்கள் எதிரில், நீ யாருடைய பேரன் என்று சொல். பேட்டி கேட்டவரிடமும் அதே சொற்களில் சொல். அதற்குப் பிறகு உன் அம்மா இந்தத் தாளைக் கிழிப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவள் சார்பில் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் நீ கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால், அவள் வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி வரும்போது, அந்த உறையை அவள் கையில் கொடுக்க வேண்டியவன் நான்.

உன் அப்பா